நாலாவது ஆள் யார்?

(ஸ்கூடாயில் நடந்த பரிசளிப்பு விழாவில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஆற்றிய உரை. மலருக்காக அவரே எழுதித் தந்தது.)

 

பரிசளிப்பு விழாவில் பேசக் கூப்பிட்டால் கல்வியின் பெருமையைப் பேசுவதுதான் வழக்கம். அதைப் பேச இங்கே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நான் பெரிய படிப்பாளி அல்ல. 1974-ஆம் ஆண்டு, என்னுடைய 21-ஆவது வயதில், இந்த ஸ்கூடாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் டிரசருக்குக் கையாளாகச் சேர்ந்தேன். பிறகு நானே டிரசர் ஆனேன். காய்ச்சலுக்கு மருந்து கலக்கியதும், வெட்டுக் கத்தி பட்ட விரலுக்குக் கட்டுப் போட்டதும், பிரசவத்துக்கு ராத்திரியில் லாரி பிடித்து அனுப்பியதும்தான் என் அனுபவம். அந்த அனுபவத்திலிருந்து இதயத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

திருக்குறளில் "மருந்து" என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. 95-ஆவது அதிகாரம். ஆசிரியர்கள் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதில் பாதிக்கு மேல் மருந்தைப் பற்றியே பேச்சில்லை. அளவாகச் சாப்பிடுவதைப் பற்றித்தான். அதன் கடைசிக் குறளில் வைத்தியம் என்பது நாலு பேர் கூட்டு என்று வள்ளுவர் கணக்குச் சொல்கிறார். நோயாளி ஒருவர், வைத்தியர் ஒருவர், மருந்து ஒன்று, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிற ஆள் ஒருவர். இந்த நாலும் சேர்ந்தால்தான் வைத்தியம்.

இன்றைக்கு நம் வீடுகளில் நோயாளி இருக்கிறார். கிளினிக்கில் டாக்டர் இருக்கிறார். மருந்து பை பையாக இருக்கிறது. நாலாவது ஆளைத்தான் காணோம். அந்த நாலாவது ஆள் யார் என்று இந்தப் பேச்சு முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

நம்மவர் இதயம்

இருதய நோய் பணக்காரனுக்கு வருவது, உழைக்கிறவனுக்கு வராது என்று தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அது தவறு என்று நமக்கு வெகு காலம் முன்பே சொல்லிவிட்டார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், 1950 முதல் 1954 வரை நடந்த ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரேதப் பரிசோதனைகளின் பதிவுகளை டாக்டர் தனராஜ் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் ஆராய்ந்தார்கள். பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவத் துறையின் முதல் டீனாக இருந்தவர் அவர். இதய ரத்தக்குழாய் அடைப்பு சீனர்களைவிட இந்தியர்களுக்குப் பல மடங்கு அதிகம் என்று 1959-லேயே எழுதி வெளியிட்டார்கள். நம் தாத்தாமார் காலத்துக் கணக்கு இது.

கேரளாவில் பிறந்து கனடாவில் பணிபுரியும் டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில், மாரடைப்பு வந்த சுமார் 15,000 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. 2004-இல் முடிவு வெளிவந்தது. புகை, ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், கொலஸ்ட்ரால், வயிற்றுக் கொழுப்பு, மனக்கவலை, காய்கறி பழம் இல்லாத சாப்பாடு, உடலுழைப்பு இல்லாமை முதலிய ஒன்பது காரணங்களே மாரடைப்பில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கணக்குச் சொல்கின்றன என்று கண்டார்கள். அதே ஆராய்ச்சியில் இன்னொன்றும் தெரிந்தது. மற்ற நாட்டவருக்கு முதல் மாரடைப்பு சராசரி 59 வயதில் வருகிறது என்றால், இந்தியா, இலங்கை முதலிய தெற்காசிய நாட்டவருக்கு 53 வயதிலேயே வந்துவிடுகிறது. ஆறு வருடம் முன்னதாக! பிள்ளை இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா போய்விடுகிறார் என்று அதற்கு அர்த்தம்.

நம் நாட்டில் 2022-இல் மருத்துவர் சான்றளித்த மரணங்களில் முதல் காரணம் இதய ரத்தக்குழாய் நோய்தான். நூற்றில் 16 பேர். 2023-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் பத்தில் மூவருக்கு ரத்தக் கொதிப்பு, மூவரில் ஒருவருக்குக் கொலஸ்ட்ரால், ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர். 2019 ஆய்வில் இனிப்பு நீர் இந்தியர்களுக்கு மட்டும் பத்தில் மூவர் என்று இருந்தது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒன்பது காரணங்களில் பெரும்பாலானவை நம் கையில் இருக்கின்றன என்பதற்காகச் சொல்கிறேன்.

நடை போனது, சாப்பாடு போகவில்லை

அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டுகிறவர் எப்படி இருந்தார்? விடியற்காலைப் பெரட்டுக்கு நின்று, இருட்டோடு நிரைக்குப் போய், நானூறு ஐந்நூறு மரத்தை ஒவ்வொன்றாகக் குனிந்து நிமிர்ந்து வெட்டி, மறுபடி ஒரு சுற்று வந்து பால் எடுத்து, காண்டா வாளி தூக்கி ஸ்டோருக்கு நடப்பார். அவருக்கு ஒரு தட்டு சோறு போதாது. மலை மாதிரி சோறும், கருவாட்டுக் குழம்பும், பால்டின் பால் ஊற்றிய தேத்தண்ணியும் சாப்பிட்டார். அத்தனையும் வேர்வையாய்ப் போயிற்று.

இப்போது ஸ்கூடாயைச் சுற்றிப் பாருங்கள். ரப்பரும் செம்பனையும் இருந்த இடத்தில் தாமான்களும் கடைவீடுகளும் நெடுஞ்சாலையும் நிற்கின்றன. நம் ஆட்கள் தொழிற்சாலையில் நிற்கிறார்கள், காவலாளியாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள். விடியுமுன்னே மோட்டார் சைக்கிள் ஏறிச் சிங்கப்பூருக்குப் போகிறார்கள். உழைப்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். களைப்பு முன்னைவிட அதிகம். ஆனால் களைப்பு வேறு, நடை வேறு. நடை போய்விட்டது. சாப்பாடு மட்டும் தோட்டத்து அளவிலேயே இருக்கிறது. சொல்லப்போனால் கூடியிருக்கிறது. அன்று தீபாவளிக்கு மட்டும் வெட்டிய ஆட்டுக்கறி இன்று ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறது.

லண்டன் பஸ்களைப் பற்றி ஒரு செய்தி உண்டு. டாக்டர் ஜெரமி மோரிஸ் என்பவர் 1953-இல் வெளியிட்டது. மாடி பஸ்ஸில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். டிக்கெட் கொடுக்கிறவர் நாள் முழுக்கப் படி ஏறி இறங்குவார். ஒரே பஸ், ஒரே கம்பெனி. இதய நோய் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களுக்கே அதிகம் வந்தது. ஆகவே பெற்றோர்களே, தினமும் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், பேச முடியும் ஆனால் பாட்டுப் பாட முடியாது என்கிற வேகத்தில் நடங்கள். தாமானை நாலு சுற்றுச் சுற்றினால் போதும். காசு செலவில்லை. ஏற்கெனவே நெஞ்சுவலி உள்ளவர் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தட்டில் என்ன இருக்கிறது?

சோற்றை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் கேட்கவும் மாட்டீர்கள். சுகாதார அமைச்சு சொல்கிற "சுக்கு சுக்கு செபாரோ" முறை பிள்ளைகளுக்குத் தெரியும். தட்டில் பாதி காய்கறியும் பழமும். கால் பங்கு சோறு. கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ முட்டையோ. நம் வீட்டில் இது தலைகீழாக இருக்கிறது. முக்கால் தட்டு சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி கீரை, அதுவும் அம்மா மட்டும் சாப்பிடுவதற்கு! கீரையும், முருங்கையும், கத்தரியும், அவரையும், வெள்ளரியும் நமக்கு அந்நியமா? வாசலில் வளர்த்தவர்கள்தானே நாம்.

அடுத்தது உப்பு. ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம், அதற்கு மேல் வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம் நாட்டு ஆய்வில் சராசரி 7.9 கிராம் என்று கண்டார்கள். அந்த உப்பு ஜாடியிலிருந்து மட்டும் வருவதில்லை. கிச்சாப், கருவாடு, ஊறுகாய், அப்பளம், டின் சார்டின், பாக்கெட் மீ, இவற்றுக்குள் ஒளிந்து வருகிறது. பாக்கெட் மீயில் வரும் தூளில் பாதியைக் கொட்டிவிடுங்கள். கருவாட்டை ஊறுகாய் மாதிரி எப்போதாவது வையுங்கள். குழம்பு மாதிரி தினமும் வைக்காதீர்கள்.

பிறகு தேத்தண்ணி. மாமாக் கடையில் ஒரு தே தாரிக்கில் இருக்கும் இனிப்பை யாரும் அளந்து குடிப்பதில்லை. நாளைக்கு நாலு குவளை குடிக்கிறவர் உண்டு. உடனே நிறுத்த முடியாது, தெரியும். முதல் மாதம் "குராங் மானிஸ்" என்று கேளுங்கள். இரண்டாம் மாதம் "தே ஓ" என்று மாறுங்கள். மூன்றாம் மாதம் "தே ஓ கோசோங்" என்று சொல்ல வாய் பழகிவிடும். நாக்கு நாம் சொல்வதைக் கேட்கும். கொஞ்சம் அவகாசம்தான் கேட்கும்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள். சாந்தானும் நெய்யும் தினசரிச் சமையலுக்கு வேண்டாம், விசேஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிகரெட், வேப், வெற்றிலையோடு போடும் புகையிலை மூன்றும் ஒழியட்டும். புகையை விட்ட ஒரே வருடத்தில், அதனால் கூடியிருந்த இதய நோய் அபாயம் பாதியாகக் குறைந்துவிடும். விடுவதற்கு அரசாங்கக் கிளினிக்கிலேயே உதவி கிடைக்கிறது. தண்ணி போடுகிறவர்களுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பிள்ளைகள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

"உடம்பு நல்லாத்தானே இருக்கு!"

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மாத்திரை.

தோட்டத்தில் ரத்தக் கொதிப்புக்காரர்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நிற்பார்கள். நான் கையில் கொடுப்பேன், முன்னாலேயே முழுங்கச் சொல்வேன். "வாயைத் திற அண்ணே, பார்க்கிறேன்" என்பேன். வராதவரைத் தேடி லயத்துக்கே போவேன். நாலாவது ஆளாக டிரசர் இருந்தார். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு ஆளாளுக்கு ஒரு தாமானுக்குப் போனார்கள். கிளினிக்கில் மருந்து கிடைத்தது. "வாயைத் திற" என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

மற்றவர் கதையைச் சொன்னால் புறம் பேசியது ஆகும். என் கதையையே சொல்லிவிடுகிறேன். எனக்கு ரத்தக் கொதிப்பும் கொலஸ்ட்ராலும் இருந்தன. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு வந்தேன். 2011-இல் ஒரு நாள் அளந்து பார்த்தால் 130-க்கு 80. "ஆகா, சரியாகிவிட்டது" என்று நினைத்தேன். ரொம்ப நாள் மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று காப்பிக்கடையில் ஒருவர் சொன்னதும் காதில் இருந்தது. முப்பது வருடம் மற்றவர் வாயில் மாத்திரை போட்ட நான், என் வாயில் போடுவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. நாலு மாதம் ஒன்றும் ஆகவில்லை. உடம்பு நல்லாத்தான் இருந்தது.

பெரியோர்களே, அங்கேதான் ஏமாற்றம். ரத்தக் கொதிப்புக்கு வலி கிடையாது. கொலஸ்ட்ராலுக்கு அரிப்பு கிடையாது. 130-க்கு 80 என்று காட்டியது நோய் போனதால் அல்ல, மாத்திரை பிடித்துக்கொண்டிருந்ததால். குடை பிடித்து நடக்கிறவன் "நனையவில்லையே, குடை எதற்கு?" என்று மழையில் குடையை மடக்கின கதைதான் என்னுடையது. கட்டுப்படாத ரத்தக் கொதிப்புதான் கிட்னியைக் கெடுக்கும். கட்டுப்படுத்தும் மாத்திரை அதைக் காப்பதற்கு.

ஒரு நாள் விடியற்காலை நெஞ்சில் ஒரு கனம். யாரோ அம்மிக்கல்லை வைத்த மாதிரி. இடது தோளும் தாடையும் கனத்தன. சட்டை நனைகிற வேர்வை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒன்றுமில்லை, காத்து" என்றேன்! என் மனைவி தைலம் எடுக்கப் போனாள், ஓமத் தண்ணி வைக்கப் போனாள். நான்காம் ஆண்டு படித்த என் பேத்தி பள்ளிக்குக் கிளம்பி நின்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தாத்தா, டீச்சர் சொன்னாங்க, இப்படி வேர்த்தா 999" என்று போனை எடுத்தாள். வீட்டு விலாசத்தை மலாயில் அவளே தெளிவாகச் சொன்னாள். ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்து உள்ளே கம்பி வலை வைத்தார்கள். அதனால்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

ரத்தக்குழாய் அடைபட்டால் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். தைலம் தேய்த்துக் கழிகிற ஒவ்வொரு நிமிடமும் திரும்பி வராது. நெஞ்சு கனம், கை தாடை முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வேர்வை, மூச்சுத் திணறல், குமட்டல், இவை வந்தால் 999. தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். பெண்களுக்கும் இனிப்பு நீர்க்காரர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பாக, மூச்சு வாங்கலாகக்கூட வரும். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை டாக்டர் கொடுத்திருந்தால் உட்கார்ந்து வையுங்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 999. காத்தாக இருந்துவிட்டால் வெட்கம் ஒன்றுமில்லை. திரும்பி வந்து சிரித்துக்கொள்ளலாம்.

மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்குக் காரணங்கள் உண்டு. அவற்றையும் நான் அறிவேன். பெரிண்டோபிரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். கொலஸ்ட்ரால் மாத்திரை சிலருக்குத் தசைவலி தரும். இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னால் மாற்று மருந்து இருக்கிறது. சொல்லாமல் நிறுத்தினால் மாற்று இல்லை. கம்பி வலை வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அந்த வலையே அடைத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையைக் கடன் வாங்கிச் சாப்பிடாதீர்கள். ஆஸ்பிரினை நீங்களாகத் தொடங்காதீர்கள். சிலருக்கு வயிற்றில் ரத்தம் கசியும். வேர் மருந்தோ, ஜாமுவோ, வெளியில் சொல்லக் கூச்சப்படும் மருந்தோ எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சில மருந்துகள் நாக்கடி மாத்திரையோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. தைப்பூச விரதம் என்றாலும் மாத்திரைக்கு விரதம் இல்லை. நேரத்தை எப்படி மாற்றலாம் என்று முன்கூட்டியே கேளுங்கள். ராத்திரி ஷிப்ட் போகிறவர்களும் அப்படியே கேளுங்கள். மறந்துபோகிற ஆளா? மாத்திரை டப்பாவைத் தினமும் தொடுகிற பொருளுக்குப் பக்கத்தில் வையுங்கள். தேத்தூள் டின்னுக்குப் பக்கத்தில், ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் மட்டும் வைக்காதீர்கள், வெயிலில் கெட்டுப்போகும்.

பிள்ளைகளே, உங்களுக்கு

இப்போது பிள்ளைகளிடம் பேசுகிறேன். உங்கள் தாத்தா மருந்துப் பையில் "1 பிஜி, செபெலும் தீடோர்" என்று எழுதியிருக்கும். தூங்கப் போகுமுன் ஒன்று என்று அர்த்தம். சிம்வாஸ்டாட்டின் என்ற மாத்திரையில் அப்படி எழுதுவார்கள், ஏனென்றால் ஈரல் கொலஸ்ட்ராலை இரவில்தான் அதிகம் தயாரிக்கிறது. "செலெபாஸ் மாகான்" என்றால் சாப்பிட்ட பிறகு. தமிழ்ப் பள்ளிக்குப் போகவே வாய்ப்பில்லாத பல பாட்டிமார்கள் நிறத்தை வைத்துத்தான் மாத்திரையைத் தெரிந்துகொள்கிறார்கள். கிளினிக்கில் கம்பெனி மாறினால் நிறமும் மாறிவிடும், பாட்டி குழம்பிவிடுவார். உங்களுக்குத் தமிழ் தெரியும், மலாய் தெரியும், ஆங்கிலமும் தெரியும். மூன்று மொழி படித்ததன் முதல் பயன் இதுவாக இருக்கட்டும். பையைப் படித்துச் சொல்லுங்கள். காலண்டரில் ஒரு கோடு போடுங்கள். கிளினிக் தேதியை வட்டமிடுங்கள். "தாத்தா, போட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவ்வளவுதான் வேலை.

நாலாவது ஆள் யார் என்று கேட்டேன் அல்லவா? தோட்டத்தில் அது டிரசராக இருந்தது. இன்று அது நீங்கள்தான். பரிசு வாங்குகிற பிள்ளைக்கு மட்டும் கிடைக்கிற வேலை இல்லை இது. கடைசி பெஞ்சுப் பிள்ளையும் செய்யலாம்.

பெற்றோர்களே, பிள்ளை கேட்கும்போது "உனக்கென்ன தெரியும், போய்ப் படி" என்று விரட்டாதீர்கள். அது படிப்பைத்தான் செய்துகொண்டிருக்கிறது. இன்று இவர்கள் மேடையேறிப் பரிசு வாங்கும்போது கைதட்ட நீங்கள் இருக்கிறீர்கள். இவர்கள் பட்டம் வாங்கும் நாளிலும் கைதட்ட நீங்கள் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு ரத்தக் கொதிப்பு பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், மருந்தும் தருகிறார்கள். இதுவரை பார்க்காதவர்கள் இந்த வாரமே போய்ப் பாருங்கள். நிறுத்தியவர்கள் மறைக்காமல் போய்ச் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

என் பேத்தி இப்போது வளர்ந்து வேலைக்குப் போகிறாள். இன்றும் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வரும். நலமா என்று கேட்பதற்கு முன்னால், "தாத்தா, வாயைத் திறங்க" என்பாள். நான் போனுக்கு முன்னால் வாயைத் திறந்து காட்டுகிறேன்.